மூன்று ஒட்டுப் போட்ட ட்யூப்

நாத்தனார் பாலியிலிருந்து வீடியோ அனுப்பியிருந்தாள்.
மஞ்சள் ட்யூப், சிவப்புத் தலைக்கவசம்,
இருபுறமும் பாசி வழியும் பாறைச் சுவர்,
மேலே கொடிகள், கொடிகளுக்கு மேலே ஒரு கீற்று வானம்.
தண்ணீர் அவளைச் சுழற்றிச் சுழற்றிக் கொண்டுபோகிறது.
கத்துகிறாள். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.
தியாகேசன் அதை ஏழு முறை பார்த்தார்.
எட்டாவது முறை
"ஆளுக்கு எவ்வளவு ஆகும்?" என்றார்.
சொன்னேன்.
குறுவைக்கு வைத்த நகை நினைவுக்கு வந்திருக்கும்,
போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. செபஸ்தி பஞ்சர் கடை.
ட்ராக்டர் பின்சக்கரத்து ட்யூப் இரண்டு, வாடகை நூறு.
"ஒண்ணுல மூணு ஒட்டு இருக்கு,
நீச்சல் தெரிஞ்சவங்க அதுல உக்காருங்க."
நான் உட்கார்ந்தேன்.

அரித்துவாரமங்கலத்துக்குக் கீழே
குட்டியானை எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியது.
மேட்டூர் திறந்து பதினாறாம் நாள்,
வெண்ணாறு இன்னும் டீ நிறத்தில்தான் வருகிறது.
கறுப்பு ரப்பர் சுட்டது; ஈரத்துண்டு விரித்தோம்.
இரண்டு ட்யூபையும் கொடிக்கயிற்றால் கட்டினோம்.
வால்வு என் தொடையைக் குத்திக்கொண்டே வந்தது,
பந்தியில் பக்கத்து இலைக்காரரின் முழங்கை மாதிரி.

ஆறு எங்களைச் சுழற்றவில்லை.
ஒரு கோலிக்குண்டு உருளவே யோசிக்கும் சமதளம் இது.
பாறை வேண்டுமென்றால் லாரியில் வரவேண்டும்.
எங்கோ குடகில் அறுத்து,
ஒகேனக்கல்லில் இடித்து,
மேட்டூரில் கொஞ்சம் கொடுத்துவிட்டு
மிச்ச மலையை மாவாகச் சலித்து
இங்கே கொட்டிவைத்திருக்கிறது.
ஆழம் குறைந்த இடத்தில் காலை விட்டேன்.
ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு சுவர்களும்
என் குதிகாலில் சேறாகப் பட்டன.

படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவள்
சோப்பு நுரையோடு நிமிர்ந்தாள்.
"எங்க போறீங்க?"
"சும்மா."
"சும்மாவா!" என்று பக்கத்துக் கல்லிடம் சொன்னாள்,
அவள் அடுத்தவளிடம்.
நாங்கள் வளைவைத் தாண்டியபின்னும்
அந்தச் சொல் துணியோடு அடிபட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த துறையில் யாருக்கோ கருமாதி.
பிண்டம் கரைத்த சோற்றுப் பருக்கைகள்
எங்களோடு கொஞ்ச தூரம் வந்தன.
ஒரு காக்கை ட்யூப் விளிம்பில் உட்கார்ந்து
இவரை உற்றுப் பார்த்தது.
இவரும் பார்த்தார்.
"நான் இல்லை" என்றார் அதனிடம்.

பிறகு மூங்கில்.
வடகரையும் தென்கரையும் குனிந்து
நடுவில் தலை முட்டிக்கொள்ளும் இடம்.
சட்டென்று வெளிச்சம் பச்சையானது,
நீர்மூழ்கி மோட்டார் சத்தம் எங்கோ விட்டுப்போனது.
மீன்கொத்தி ஒன்று நீலமாகக் கிழித்துக்கொண்டு போனது.
தண்ணீரும் அங்கே கொஞ்சம் அவசரப்பட்டது,
ஒரு தொடரும் கணக்கில் வட்டி மாதிரி, தெரியாமல்.
அவர் என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார்.
கயிறு இருக்கிறதே என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.
பதினோரு வருடத்தில் அவருக்கு நீச்சல் தெரியாது என்பதை
அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.
விரல்தான் சொன்னது.

மூங்கில் முடிந்ததும் தூங்கிவிட்டார்.
வாய் திறந்து, வெயில் முகத்தில் விழ,
ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று தலைக்கு அணை கொடுக்க.
நான் மட்டும்
கையைத் துடுப்பாக்கி
இரண்டு குடும்பத்தலைவர்களையும் ஓட்டிவந்தேன்,
தண்ணீரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"ஏம்மா! ஷட்டர் தூக்கியிருக்கு, கரையேறுங்க!"
காக்கிச் சட்டையைத் தோளில் போட்ட லஸ்கர்
மதகு மேலிருந்து கத்தினார்.
"மூணாறு தலைப்பு இது.
விட்டா மூணா பிரிச்சிடும்.
கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு.
எதுல போகணும்?"
தூக்கத்திலிருந்து எழுந்தவர் பொறுப்பாகக் கேட்டார்:
"மன்னார்குடிக்கு எது?"
"பஸ்ஸு" என்றார் லஸ்கர்.

நீடாமங்கலத்தில் நடத்துநர் படியை மறித்தார்.
காற்றோடு ஏற்றினால் ரெண்டு லக்கேஜ்,
காற்றை எடுத்தால் சும்மா.
ஊக்கால் வால்வை அழுத்தினார் இவர்.
விடிந்ததிலிருந்து எங்களைத் தூக்கிவந்த காற்று
சாத்துக்குடிக்காரர் முகத்தில் ஊதி முடிந்தது.

இரவு நாத்தனார் கேட்டிருந்தாள்,
ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று.
நீளமாக எழுதினார், அழித்தார்,
மறுபடி எழுதினார்.
"ஆத்துல போனோம்."
அவ்வளவுதான் போனது.

என் தொடையில் வால்வு குத்திய இடம்
எட்டணா அகலத்துக்கு நீலம்.
விரலால் அழுத்தி
"வலிக்குதா?" என்றார்.
"கையை எடுங்க," என்றேன்,
"காத்து எறங்கிடும்."