ஃப்ரீசரைப் பிரித்த நாள்

ஜனவரியில் வந்தான் ஓரெஸ்ட்,
தன் பாதியை எடுத்துப்போக.
மற்றதெல்லாம் வக்கீல்கள் பேசி முடித்தாயிற்று.
டிராக்டர், நாய், பனி அள்ளும் இயந்திரம்,
எல்லாம் தாளில் இருந்தது.
வீட்டுக்கடியில், நிலவறையில்
பதினோரு வருடமாய் முனகிக்கொண்டிருந்த
அந்த நீள வெள்ளைப் பெட்டியை மட்டும்
யாரும் எழுதவில்லை.

ஐஸ் பெட்டி கொண்டுவரவில்லையா என்றேன்.
வெளியே மைனஸ் முப்பத்து நாலு.
யார்க்டன் ஊரே ஐஸ் பெட்டிதானே என்று
வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டான்.

மூடியைத் தூக்கினால்
ஆகஸ்ட் மாதம் அடுக்கடுக்காய்க் கிடந்தது.
பட்டாணி. மஞ்சள் பீன்ஸ்.
கதிரிலிருந்து கத்தியால் வழித்த சோளம்.
கட்டி கட்டியாய் உறைந்த சதகுப்பைக் கீரை,
ஒரு கட்டி ஒரு பானை சூப்புக்கு.
துருவிய சுக்கினி மட்டும் பதினெட்டுப் பை.
வேண்டாம் என்றான். எனக்கும் வேண்டாம் என்றேன்.
அன்று நாங்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

பை தவறாமல் என் கையெழுத்து:
பீன்ஸ், ஆகஸ்ட் 14, இருவர்.
பட்டாணி, ஜூலை 29, இருவர்.
எதை எடுத்தாலும் இருவர்.
ஒரு கோப்பை, மேலே ஒரு பிடி.
அந்தப் பிடி அவனுக்கு.

கொதிநீரில் மூன்று நிமிடம்.
நான் கடிகாரம், அவன் சல்லடை.
எடுத்த கையோடு ஐஸ் நீரில் முக்கி,
துண்டில் பரப்பி,
தட்டில் தனித்தனியாய் உறையவைத்து
அதன்பிறகுதான் பை.
இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடும்.
பையின் மூலையில் உறிஞ்சுகுழலைச் செருகி
காற்றை அவன் இழுப்பான்,
கன்னம் இரண்டும் ஒட்டி, ஏரி மீன் மாதிரி.
எனக்குச் சிரிப்பு வரும். அவனுக்கும் தொற்றும்.
விட்ட காற்று திரும்ப உள்ளே போய்விடும்.
சிரிக்காதே லெஸ்யா, இது மூன்றாவது தடவை.

உனக்கொன்று எனக்கொன்று என்று
சீட்டு போடுவதுபோல் பிரித்தோம்.
சோளத்தில் ஒன்று மிஞ்சியது.
நீயே வைத்துக்கொள் என்றான்.
பரவாயில்லை, நீ வைத்துக்கொள் என்றேன்.
இவ்வளவு மரியாதை
இந்த வீடு பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அடியில் ஒரு பை. பெயரில்லை, தேதியில்லை.
பனியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து
பீன்ஸ் என்றான்.
நான் எதையும் பெயர் எழுதாமல் வைப்பதில்லை என்றேன்.
அதை அங்கேயே விட்டுப் போனான்.

மார்ச்சில் ஒருநாள் கடைக்குப் போகச் சோம்பி
அதை அடுப்பில் ஏற்றினேன்.
பீன்ஸ்தான்.
வைக்கோல் வாசம். மென்றால் செருப்பு.
அப்போதுதான் நினைவு வந்தது.
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு,
பானையில் நீர் தளதளவென்று கொதிக்க
நடுவில் நின்று இருவரும் கத்தினோம்.
அவன் கார் சாவியை எடுத்தான்.
நான் அடுப்பை அணைத்தேன்.
நறுக்கி வைத்ததைப் பச்சையாகவே
பையில் அள்ளித் திணித்தேன்.

கொதிநீர் காட்டாத காய்
உறைந்துவிட்டதென்று சும்மா கிடப்பதில்லை.
உள்ளுக்குள் முற்றிக்கொண்டேதான் இருக்கும்.
அந்தப் பெட்டியோடு வந்த கையேட்டிலேயே
அப்படிப் போட்டிருக்கிறது.
இருட்டில், மைனஸ் பதினெட்டில்,
அது ஆறு மாதமாய்த் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

உப்பு போட்டேன். வெண்ணெய் போட்டேன்.
உட்கார்ந்து முழுவதும் தின்றேன்,
இரண்டு பேர் பங்கையும்.

மே மாதம், மண் இளகியதும்,
நூல் கட்டி வரிசை பிடித்தேன்.
பாதியில் குச்சியை நட்டு, போதும் என்றேன்.
பாக்கெட்டில் விதை மிஞ்சியது.
கொஞ்ச நேரம் நின்றேன்.
குச்சியைப் பிடுங்கிக் கடைசியில் கொண்டுபோய் நட்டேன்.

ஜூலையில் ரெஜைனாவிலிருந்து ஒரு குறுஞ்செய்தி:
பட்டாணிக்கு எத்தனை நிமிடம்?
ஒன்றரை, என்று எழுதினேன்.
ஐஸ் நீர் தயாராய் இருக்கட்டும்.
அங்கே கடிகாரம் பார்ப்பது யார்
என்றும் எழுதினேன்.
அதை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.
என் பானையும் கொதித்துவிட்டது.