கொம்பும் காலும்

பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில்
மிக்ஸி ஜாருக்கும் கழற்றிப்போட்ட சைக்கிள் செயினுக்கும் நடுவில் கிடந்தது.
ஆயிரத்து நானூறு சொன்னான். தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு வாங்கினேன்.
மெனு முழுக்க பிரெஞ்சு.
மெமரி கார்டில் யாரோ
அறுபத்தொரு சதவீதம் ஆடி விட்டுவிட்டுப்போன கார் பந்தயம்.
அதை அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது.

கடலூர் ஓ.டி., இம்பீரியல் ரோடு.
பகலெல்லாம் அடுத்தவர் போன்களின் வாயைத் திறந்து பார்ப்பவள் நான்.
சார்ஜிங் பின்னில் மணல், ஸ்பீக்கரில் மீன்செதில்.
ராத்திரிக்கு இது.

கம்பெனி கையெழுத்து இல்லாத எதையும்
ஓட்டமாட்டேன் என்கிற பெட்டி.
ஏமாற்ற ஏழு நிமிடம்.
நடுவில் கரண்ட் போனால் செங்கல்.
செங்கல் என்றேதான் சொல்கிறார்கள்,
சுவருக்கும் உதவாத, பட்டன் வைத்த செங்கல்.
மாதாந்திரப் பராமரிப்புக்கு மறுநாளாகப் பார்த்து
பேட்டரியை நிரப்பி, சார்ஜரையும் செருகி,
ஃபேனை நிறுத்திவிட்டு
(எதற்கு ஃபேனை?)
உட்கார்ந்தேன்.

கறுப்புத் திரை.
சிப்காட் பக்கமிருந்து அந்த நாற்றம் வந்து
தெருவைத் தாண்டிப் போகிற அளவு நேரம்
கறுப்பு.
பிறகு மூலையில் ஒரு வெள்ளைக் கோடு
சிமிட்டிக்கொண்டு,
என்னம்மா வேணும் என்பதுபோல.

ஒரு படகு வேணும்.
எட்டுப் புள்ளி நீளம், மூன்று புள்ளி அகலம்.
முகத்துவாரத்துக்குள் அதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்,
ஆட்டம் அவ்வளவுதான்.
இடது கட்டைவிரல் திசை, வலது கட்டைவிரல் என்ஜின்.
திரையின் உச்சியில் அன்றைய காற்றின் பெயர்.

எழுத்துகளைக் கட்டம் போட்ட நோட்டில்
புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன்.
கச்சான் சரியாக வந்தது.
வாடையில், டகரத்துக்கு முன்னே நிற்கவேண்டிய இணைக்கொம்பு
பஸ்ஸை விட்டவன் மாதிரி கடைசியில் வந்து நின்றது.
கொண்டல்தான் மோசம்.
ககரம் தனியே,
கொம்பும் காலும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு,
நடுவே யாருமில்லாமல்.

எழுதும்போது கை கொம்பைத்தான் முதலில் போடும்.
பெட்டியின் கணக்கில் எழுத்து முதலில், மற்றதெல்லாம் பிறகு.
எழுத்தைக் கொஞ்சம் பிடித்து வை,
பின்னால் வருவது யாரென்று பார்,
கொம்பை முன்னே விடு, காலைப் பின்னே விடு.
இதைச் சொல்லிப் புரியவைக்க
மூன்று ராத்திரி, நாற்பது வரி.
செய்யுளில் கால் என்றால் காற்று.
அது பெட்டிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சோனங்குப்பத்திலிருந்து அக்கா வீட்டுக்காரர்,
அஞ்சாப்புலி என்று பெயர்,
தண்ணீர் குடித்த போனோடு வந்தார்.
போன் காயும்வரை ஆடச் சொன்னேன்.
“நேத்து இருந்த எடத்துலயே இன்னிக்கும் மண்மேடு இருக்குமா?”
மாற்றினேன்.
“அலை ஒத்தையா வராது.
பெருசு ஒண்ணுன்னா அது பின்னாடியே ரெண்டு.”
மாற்றினேன்.
மூன்றாம் நாள் கவிழ்த்தார்.
வழக்கம்போல் திரையில் வந்தது:
மறுபடியும்? ஆம். இல்லை.
விரல் எதிலும் போகவில்லை.
“இத யாரு கேக்கறது?”
நான்தான் எழுதினேன் என்றேன்.
பெட்டியைக் கவுண்டரில் வைத்தார்,
போனுக்கு எவ்வளவு என்றார், கொடுத்தார், போனார்.

அன்று ராத்திரி அந்த ஒரு வரியை எடுத்தேன்.
இப்போது கவிழ்ந்தால் எதுவும் கேட்காது.
கடல் இருக்கும். அலை வரும். உச்சியில் காற்றின் பெயர் இருக்கும்.
திரும்ப ஆட, முழுக்க அணைத்து,
பெட்டியை முதலிலிருந்து ஏமாற்றவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடைவாசலில்
ஸ்கூட்டர்மேல் சாய்ந்துகொண்டே ஆடினார்.
ஒருதரம் உள்ளே வந்துவிட்டார்.
கைதட்டல், நட்சத்திரம் எதுவும் நான் வைத்திருக்கவில்லை.
படகு நின்றது. அவரும் பேசவில்லை.
பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம்.
கொண்டல் வீசிக்கொண்டிருந்தது,
கொம்பும் காலும் கூடி, திரையில்;
கடை ஷட்டரைத் தட்டிக்கொண்டு, வெளியில்.