பதினெட்டு வீதம்

யோகபுரம் பொதுநோக்கு மண்டபத்தில்
பிளாஸ்ரிக் கதிரைகள் இருபத்தாறு.
வந்தவர்கள் பதினொரு பேர்.
கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.

சிவில் பாதுகாப்புக் குழு, இரண்டாம் காலாண்டு.
பொறுப்பதிகாரி சிங்களத்தில் வாசிக்க
புதிதாக மாறிவந்த கான்ஸ்டபிள் தமிழில் சொல்கிறான்.
வீடுடைப்பு ஏழிலிருந்து நான்கு.
மாடு களவு ஒன்பதிலிருந்து எட்டு.
கசிப்பு மட்டும் கூடியிருக்கிறது.
"கூடினது காய்ச்சிறதோ, பிடிக்கிறதோ?" என்று
கடைக்காரத் தவராசா கேட்டார்.
கான்ஸ்டபிள் அதை மொழிபெயர்க்கவில்லை.

எல்லாமாக முப்பத்து மூன்று
இருபத்தேழாகி,
குற்றச்செயல்கள் பதினெட்டு வீதத்தால் குறைந்துள்ளன.
குறைந்துள்ளன என்று எழுதினேன்.
கச்சான் காற்று யன்னலால் வந்து தாளைத் தூக்கியது.
ஸ்ராப்ளரை வைத்து அமர்த்தினேன்.

ஜூன் கடைசிச் செவ்வாய் இரவு
என் கிணற்றடியில் மோட்டர் போனது.
ஒரு குதிரைவலு.
சங்கக் கடன், இன்னும் ஐந்து தவணை.

விடியப் பார்த்தபோது
கோபம் வர முதல் எனக்கு வந்தது வியப்பு.
குழாயை அறுக்கவில்லை,
யூனியனைப் பதமாகக் கழற்றியிருந்தது.
வயர் முனைகளைத் தனித்தனியே மடித்துக்
கறுத்த ரேப் சுற்றி,
கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் வாய்க்குப்
பாண் பையைப் போர்த்து
ரியூப் கீலத்தால் கட்டியிருந்தது,
மண் விழாமல்,
தவளை இறங்காமல்.

இப்படிக் கட்டுகிறவன்
மல்லாவிக்கு இந்தப் பக்கம் ஒருவன்தான்.
இரண்டு வருசத்துக்கு முன்னம்
அந்த மோட்டரைப் பூட்டினவனும் அவன்தான். கஜீபன்.

மே மாதம் லீசிங்காரர் வந்து
அவனுடைய மோட்டச்சைக்கிளை
வாசலில் வைத்தே ஏற்றிக்கொண்டு போனார்கள்.
அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது,
ஆகவே அட்டவணையில் இல்லை.
பாலியாற்றில் இரவிரவாக டிப்பரில் ஏறுகிற மணலுக்கும்
ஏதோ ஒரு கடதாசி இருக்கிறது.
ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸால் இறங்குகிற பிள்ளைகள்
லைற் இல்லாத அரைக் கட்டையையும்
மறுமுனையில் ஒருவருமில்லாத போனில்
கதைத்துக் கதைத்தே கடக்கிறார்கள்.
அது எந்த நிரலில் வரும்?

"வேறு முறைப்பாடு?"
பேனையின் மூடியைத் திறந்தேன்.
என்னுடையதைச் சேர்த்தால் பதினைந்து வீதம்.
இல்லை என்று எழுதி
முற்றுப்புள்ளியை இரண்டு தரம் குத்தினேன்.
தேத்தண்ணி வந்தது. சீனி கூட.

சனிக்கிழமை துணுக்காயில்
பழைய மோட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு
போன் எடுத்தேன்.
"தம்பி, மோட்டர் ஒண்டு பூட்டோணும்."
அந்தப் பக்கம்
ஒரு குழந்தை இருமி முடியுமட்டும் சத்தமில்லை.
பிறகு, "எப்ப அக்கா?"

நடந்துதான் வந்தான்.
பையைக் கட்டியிருந்த முடிச்சை
பார்க்காமலே அவிழ்த்தான்,
தன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கிறவன் போல.
அவிழ்த்த பிறகுதான் அவன் விரல் நின்றது.
நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்ணி வந்தது, முதலில் துருவாக, பிறகு வெள்ளையாக.
கூலியை நீட்டினேன்.
"வேண்டாம்" என்று வாய் எடுத்தவன்
என் முகத்தைப் பார்த்தான்.
வாங்காமல் போனால் அது வாக்குமூலம்.
எனக்கு விளங்கினது அவனுக்கும் விளங்கியது.
எண்ணாமல் பொக்கற்றுக்குள் வைத்தான்.

"இரும்புக் கூடொண்டு அடிச்சுத் தரட்டே?
களவு கூடிப்போச்சு அக்கா."
"குறைஞ்சிருக்காம்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. நானும்.

கூடு வந்து பத்து நாளாகிறது.
நல்ல வேலை, ஒட்டு ஒன்றும் பிசகில்லை.
பூட்டுக்கு இரண்டு திறப்பு.
ஒன்றைக் கையில் தந்தான்.
மற்றதை நான் இன்னும் கேட்கவில்லை.
மூன்றாம் காலாண்டு
தொடங்கிவிட்டது.