இப்ப

என் வேலை ஒரு சொல்.
கயிறு எறிவது, டயர் கட்டுவது, பை வாங்குவது
யாரும் செய்வார்கள்.
சம்பளம் அந்தச் சொல்லுக்குத்தான் என்பான்
லோஞ்ச் ஓட்டும் லக்பிரிய.
அவனுக்கு நான் "தென்" என்கிறேன்,
கப்பலில் இருப்பவனுக்கு "நௌ",
எனக்குள் மட்டும் "இப்ப".
மூன்றும் ஒரே மூச்சில் விழவேண்டும்.

யூலை. தென்மேற்குக் காற்று
நாலு நாளாய்க் கடலைக் கிண்டிக்கொண்டிருந்தது.
அலைதாங்கியைத் தாண்டியதும்
லோஞ்சின் மூக்கு வானம் பார்த்தது, பிறகு குழி பார்த்தது.
பின்னால் தாமரைக் கோபுரம்
ஒரு திரைக்கு இருந்தது
ஒரு திரைக்கு இல்லை.

எண்ணெய்க் கப்பல். பாதி சிவப்பு, பாதி துரு.
மெல்லத் திரும்பி எங்களுக்குக் காற்றை மறைத்துத் தந்தது.
காற்றை மறைக்கலாம்.
பெருந்திரையை யார் மறைப்பது?
அது கீழால் வரும்.

தாளில் எழுதியிருந்தது:
ரொடெல் மக்சினோ, மூன்றாம் எஞ்சினியர்.
இறங்கும் காரணம், தகப்பன் மரணம்.
விமானம், கட்டுநாயக்க, 2.40.

பை முதலில் வந்தது,
நீலப் பை, பூட்டில் ஒரு சிவப்பு நாடா.
பிறகு ஏணியில் அவனுடைய சப்பாத்துகள்,
பிறகு முழங்கால், பிறகு தோடம்பழ நிற அங்கி.
பக்கக் கயிற்றைப் பிடித்திருந்தான், படியை அல்ல.
பழகியவன்.
நாலாம் படியில் நின்றான். நான் கை காட்டினேன்: நில்.

லோஞ்ச் ஏறி முடித்து
இறங்கத் தொடங்காத ஒரு கணம் இருக்கிறது.
கண் சிமிட்டினால் போய்விடும்.
அதற்கு முன் கால் வைத்தால்
தளம் ஏறிவந்து காலைத் தின்னும்.
அதற்குப் பின் வைத்தால் தளமே இல்லை.
(நஸ்மியிடம் கேளுங்கள்.
வானொலிக்கு முன்னரே
அவன் கணுக்கால் மழை சொல்கிறது.)

முதல் உச்சி. அவன் கை விடவில்லை.
இரண்டாம் உச்சி. வாயைத் திறந்தேன்.
லோஞ்ச் விலகியது.
ஏணிக்கும் எனக்கும் நடுவில்
ஒரு ஆள் அகலத் தண்ணீர்,
பச்சையாய், அவசரமில்லாமல்.
சொல் பல்லுக்குள் நின்றது.

மூன்றாவதில் ஏணியின் கடைசிப் படி
எங்கள் விளிம்பில் மாட்டி
கருவாடு முறிவதுபோல் முறிந்தது.

மேலே போ என்று கை காட்டினேன்.
அவன் போகவில்லை.
மணிக்கூட்டைக் காட்டினான். ஏதோ கத்தினான்,
கொஞ்ச அசைகள்தான்.
அவன் மொழி எனக்குத் தெரியாது.
தெரிந்துவிட்டது, அதுதான் கரைச்சல்.
லக்பிரிய என்னைத் திரும்பிப் பார்த்தான்.
ஒரு சொல், அவ்வளவுதான்,
சொன்னால் அவன் பாய்வான்.
என்னை நம்பிப் பாய்வான்.

நான் சொல்லவில்லை.

ஏறும்போது ஒவ்வொரு படியிலும்
கொஞ்ச நேரம் நின்று ஏறினான்.

பையைத் திருப்பி ஏற்றக் கடல் விடவில்லை.
உருளாதிருக்க லக்பிரிய அதை ஆசனத்தில் வைத்து
உயிர்காப்பு அங்கியின் பட்டியால் கட்டினான்.
திரும்பும் வழி முழுக்க இருவரும் பேசவில்லை.
துறைமுக வாயிலில் தலைக்கு மேல் ஒரு விமானம்.
மணி பார்க்கவில்லை.

மாலை, மட்டக்குளி பஸ்.
"பஹின்ன, பஹின்ன" என்று கொண்டக்டர் விரட்ட,
நிற்காத பஸ்ஸிலிருந்து, கையில் பாண் பொதியோடு,
இடக்கால் முதலில் வைத்து
ரெண்டு அடி ஓடி நின்றேன்.
தினமும் இப்படித்தான் இறங்குகிறேன்.
இன்றைக்குத்தான் முழங்கால் நடுங்கியது,
தேத்தண்ணிக் கடை வாங்கில் கொஞ்சம் இருந்தேன்.

விடிய நாலரைக்குக் காற்று குறையுமாம்.
புது ஏணி தொங்கவிடுவார்களாம்.
பை ஜெற்றி அலுவலகத்தில்,
ஒரு கதிரையில், பட்டி கட்டியபடியே.
அவிழ்க்க எவருக்கும் தோன்றவில்லை.