இடப்பக்க இருக்கை

சீப். இரவு பத்தேகால்.
ஆறு இரும்புக் கால்களில் நிற்கும் பெட்டிக்குள்
சலாலாவைத் தயார் செய்கிறேன்:
ஜூலை, மூடுபனி, முந்நூறு அடியில் மேகம்.
காற்றுக்கு ஒரு குமிழ், இருட்டுக்கு ஒரு குமிழ்.
கண்ட்ரோல் டவரின் குரலும் என்னுடையதே,
சாத்தூர் வாடையைக் கொஞ்சம் வடிகட்டி.

லெப்டினன்ட் கல்ஃபான்
நான்கு வருடம் வலப்பக்கம் உட்கார்ந்தவர்.
சக்கரத்தைத் தூக்கு என்றால் தூக்கி,
பட்டியலை வாசி என்றால் வாசித்து,
ஆயிரத்து இருநூறு மணி நேரம்
இன்னொருவர் முடிவில் பறந்தவர்.
இந்த மாதம் இடப்பக்கம்.

அதே கண்ணாடி, அதே முட்கள், அதே நான்கு இன்ஜின்.
கைதான் மாற வேண்டும்.
இடக்கை பிடித்த விசைப்பிடிகளை
இனி வலக்கை பிடிக்க வேண்டும்.
தரையில் விமானத்தைத் திருப்பும் சின்னச் சக்கரம்
இடப்பக்கம் மட்டும்தான் உண்டு,
அதை அவர் தொட்டதேயில்லை.
முதல் வாரம் முழுக்க, அவசரம் வந்தால்
அவர் இடக்கை அதில் போய் முட்டிக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இந்த ஊரில் லைசென்ஸுக்கு மூன்று தடவை தோற்றவன் நான்.
சிவகாசி ரோட்டில் லோடு வண்டி ஓட்டிய இடக்கை
கியரைத் தேடித் தேடிக்
கதவின் கைப்பிடியை இழுக்கும்.
ரவுண்டானா நடுவில் கதவு திறந்துகொண்டபோது
பரீட்சை வைத்த போலீஸ்காரர் கேட்டார்,
"எங்கே கிளம்பிவிட்டாய்?"

பத்து நாற்பதுக்கு
மூன்றாம் இன்ஜினுக்குத் தீ வைத்தேன்.
ஒரு விரல் போதும். சம்பளம் அதற்குத்தான்.
மணி அலறியது.
கல்ஃபானின் கை சரியாகத்தான் போனது.
கண்தான் வழி தவறியது.
ஒரு நொடி, ஒன்றரை நொடி,
இடப்பக்கம் திரும்பியது,
என்ன செய்யலாம் என்று கேட்க
நான்கு வருடமாகத் திரும்பிய பக்கம்.

அங்கே யாருமில்லை.
கறுத்த ஜன்னல். அதில் அவரே,
ஹெட்செட்டோடு, பதிலுக்குக் காத்துக்கொண்டு.

வலப்பக்கம் பலூஷி, இருபத்து மூன்று வயது,
அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பின்னால் ஸ்குவாட்ரன் லீடரின் பேனா
மூடி கழற்றாமல் மடியில் கிடந்தது.

அடுத்தது எனக்குத் தெரியும்.
மேகத்தில் ஒரு கிழிசல் வைத்திருக்கிறேன்,
ஓடுபாதை விளக்குகள் நாலைந்து மின்னி மறையும்.
தூண்டில்.
சொல்லக் கூடாது. டவருக்கு வானிலை மட்டும்தான் தெரியும்.
"பார்வைத் தூரம் அறுநூறு மீட்டர், குறைகிறது" என்றேன்.
குறைகிறது என்பதை
தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்திவிட்டேனோ என்னவோ.

மின்னியது.
"ரன்வே தெரிகிறது!" என்றான் பலூஷி, ஆசையாக.
"எனக்கு இல்லை" என்றார் கல்ஃபான்.
தண்ணீர் கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாக.
"மேலே போகிறோம். தும்ரைத்.
மலைக்கு அந்தப் பக்கம் வானம் சுத்தமாக இருக்கும்."

மூன்று இன்ஜினில் பெட்டி எழுந்தது.
என் சாயா கன்சோலில் சிந்தியது.

விளக்குப் போட்டபின் ஸ்குவாட்ரன் லீடர்
ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
"மணி அடித்ததும் இடப்பக்கம் யாரைப் பார்த்தாய்?"
கல்ஃபான் நேரமெடுத்து யோசித்தார்.
"இல்லாதவரை" என்றார்.
பேனா மூடி கழன்றது.
என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது,
அந்தத் தாளில் எனக்குக் கையெழுத்து இல்லை.

ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓட்டி வருகிறேன்.
ரவுண்டானாவில் ஒரு தண்ணீர் லாரி
திடீரென்று குறுக்கே வந்தது.
பதினோரு வருடம் ஆகிறது,
இடக்கை கதவுக்குத்தான் போனது.

பூட்டித்தான் ஓட்டுகிறேன்.