இருபது கெஜம் பின்னால்

ஹைலக்ஸின் பின்கதவைத் தாழ்த்திப் போட்டு
பாட்டில் மூடிகளை வைத்து விளக்கினான் மொகுதூம்.
லபான் மூடிகள் எதிரணி. பெப்சி மூடிகள் நாங்கள்.
முன்னால் தனியாக இருந்த ஒன்றை
ஒற்றை விரலால் பின்னுக்கு இழுத்து
"இது நீ" என்றான்.
களத்தில் அது இருபது கெஜம்.
மூடிக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

ஜுபைலில் வியாழன் இரவு.
ஆலைப் புகைபோக்கியின் தீ ஆடும் பக்கம் பார்த்தே
காற்றின் திசை சொல்லிவிடலாம்.
மைதானம் மணிக்கு முன்னூறு ரியால்;
பன்னிரண்டு நிமிடம் மூடிகளிலேயே போயிற்று.

எனக்கு முப்பத்தொன்பது.
பாஸ்போர்ட்டில் முப்பத்தேழு.
முழங்காலுக்குப் பாஸ்போர்ட் படிக்கத் தெரியாது.

அவன் சொன்ன காரணங்கள் எல்லாம் சரி.
பந்து எங்கே விழும் என்று
முன்னைவிடச் சீக்கிரமாகத் தெரிகிறது எனக்கு.
போய்ச் சேரும்போது அங்கே வேறொருவன் நிற்கிறான்.

அவன் சொல்லாத காரணம் ஒன்று.
ஷமீர், மலப்புரத்துக்காரன், தண்ணீர் டேங்கர் ஓட்டுபவன்,
ஏழு சீசனாக என் கணுக்காலைத் தேடித் தேடி உதைத்தவன்,
போன வாரம் நான் விழுந்ததும் கைகொடுத்துத் தூக்கி
"சேட்டா, ஒண்ணும் பற்றியில்லல்லோ" என்று கேட்டான்.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

நடுக்களம் ஒன்றும் குறைச்சலில்லை.
வாங்கு, திரும்பு, கொடு.
இதை எனக்குப் படித்துத் தர வேண்டுமா?
பதினான்கு வருஷமாகச் சம்பளம் வந்த அரைமணியில்
ஒரே தொடுகையில் கடத்திவிடுகிறேன்
வீட்டுக்கடனுக்கு, மைத்துனனின் படகு எஞ்சினுக்கு,
மூத்தவளின் நர்சிங் ஃபீஸுக்கு.
காலடியில் ஒரு ராத்திரி தங்கியதில்லை.
கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டும் வேலையும் அதுதான்.
இருபது டன் குழாய் என் சைகைக்கு எழும்பி, திரும்பி,
வேறு யாரோ போல்ட் முடுக்குவதற்காக இறங்கும்.
அந்தப் பிளான்ட்டில் நான் முடித்தது என்று
ஒரு நட்டு கிடையாது.

அதனால்தான் மொகுதூம்,
வாரத்தில் ஒன்றையாவது
நானே உள்ளே போட்டு
வலை அடங்கும்வரை நின்று பார்க்க வேண்டும்.

இதை அவனிடம் சொல்லவில்லை.
"நம்பர் மாத்த மாட்டேன்" என்றேன்.
"ஒம்பதையே போடு, யாரு கேக்குறா."

விசில்.

நடுவில் நின்றால் எதிரே ஒரே முதுகுகள்.
இத்தனை காலம் எனக்குப் பின்னால் நடந்ததெல்லாம்
வெறும் சத்தம்தான் எனக்கு.
என் இடத்தில் ரில்வான், இருபத்திரண்டு வயது.
ஓடுவதற்கு முன் அவன் இடத்தோள் ஒரு விரற்கடை தாழ்கிறது.
அது அவனுக்குத் தெரியாது.
எனக்கும் ஏதாவது தாழ்ந்திருக்கும்.
யாரோ அதைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள்.
அடித்த கோல்கள் அத்தனையும் ஞாபகமிருக்கிறது:
எந்தக் கால், எந்த மூலை, கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தான்.
கொடுத்தவர்கள் பெயரை எண்ணிப் பார்த்தேன்.
மூன்று வந்தது.
மூன்றாவதும் சந்தேகம்தான்.

தோள் தாழ்ந்தது. கொடுத்தேன்.
ஷமீரின் கால்களுக்கு ஊடே, புல்லோடு புல்லாக,
அவன் திரும்புவதற்குள் அந்தப் பக்கம்.
ரில்வானும் கீப்பரும் மட்டும்.
பயல் அதை வானத்துக்கு அடித்தான்.
வேலிக்கு வெளியே, டேங்கர்கள் நிற்கும் மணலில்
பந்து போய் விழுந்த சத்தம் கேட்டது.
என் வாயில் வந்த வசவைக் கேட்டு
சூடானி நடுவர் சிரித்தார், மொழி புரியாமலே.
நானாக இருந்தால்
தாழ்வாக, தூர மூலைக்கு.
நானாக இருந்தால்
அங்கே போய்ச் சேர்ந்தே இருக்க மாட்டேன்.

அடுத்த பந்து எனக்கு வருவதற்குள்
ஷமீர் தன் இடத்தை விட்டு, இருபது கெஜம் ஓடிவந்து
கணுக்காலில் சரியாகக் கொடுத்தான்.
கை நீட்டவில்லை. சேட்டா இல்லை.
புல்லில் கிடந்தபடி தீயைப் பார்த்தேன்.
காற்று கடல் பக்கம் திரும்பியிருந்தது.

"அடுத்த வாரமும் அங்கதானே?"
கோட்டுக்கு வெளியிலிருந்து மொகுதூம்.
"மொதல்ல ஐஸ் கொண்டா" என்றேன்.