ஒதுக்கப்பட்ட இருக்கை

யீஷூன் ரயிலில் ஒரு பையன்
எழுந்து இடம் கொடுத்தான்.
எனக்கு ஐம்பத்து மூன்று வயது.
அவன் வயிற்றைப் பார்த்திருக்கிறான்.
மறுக்கக் கூச்சம், உட்கார்ந்தேன்.

பலதுறை மருந்தகத்தில் அதன் பெயர் வாயு.
அடுத்த முறை, வயது.
மூன்றாம் முறை, காரத்தைக் குறையுங்கள்.
ஓமத்தண்ணீர் குடித்தேன்.
பாவாடை நாடாவை
இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன்.

மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே
ஸ்கேன் எடுத்தவள்
பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள்.

நான்கு லிட்டர் நீர் வடித்தார்கள்.
சினைப்பை. மூன்றாம் நிலை.
முன்பே வந்திருக்கலாமே, என்றார் டாக்டர்.
வந்தேன், என்றேன்.

நேற்று ஆறாவது கீமோ முடிந்து
நொவீனாவில் ஏறினேன்.
தட்டை வயிறு. தலையில் பூப்போட்ட துணி.
கம்பியைப் பிடித்து வீடுவரை நின்றேன்.
யாரும் எழவில்லை.
கதவுக் கண்ணாடியில் ஒருமுறை
பக்கவாட்டில் திரும்பிப்
பார்த்துக்கொண்டேன்.